முதல் ரைஃபிள், முதல் காலிபர்: மண்டபத்திலிருந்து வந்த ஒரு கேள்விக்கு விரிவான பதில்

மண்டபத்தை அடுத்த ஒரு கடற்கரை ஊரில் வசிக்கும் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார்: தொலைதூர இலக்குச் சுடுதலில் இறங்க ஆசை; முதல் ரைஃபிளாக எதை வாங்கலாம்; காலிபரில், அதாவது குழல் விட்டத்தைக் கொண்டு பெயரிடப்படும் தோட்டா அளவில், .308 (அங்குலத்தில்) நல்லதா, 6.5 கிரீட்மூர் (மில்லிமீட்டரில்) நல்லதா; தொலைநோக்கி வேண்டுமா. 1000 மீட்டர் வரை போகக்கூடியதாக இருக்க வேண்டும். கையில் மூன்று லட்சம் ரூபாய் சேமிப்பு உள்ளது. எந்தத் துப்பாக்கி தம்மை 1000 மீட்டருக்குக் கொண்டுபோகும் என்பதே அவருடைய உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் இந்த நாட்டில் ஒரு தனிமனிதர் எதை வாங்க முடியும், வாங்கியதை எங்கே சுட முடியும் என்ற இரண்டையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். அவை தீர்ந்தால் காலிபர் கேள்வியில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு, காற்றைப் பற்றிப் பேசாமல் பதில் சொல்ல முடியாது.

நான் தரைப்படையில் ஆயுதப் பயிற்சி கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். ஓய்வுக்குப் பின் இதே மாவட்டத்தில் தங்கி, ரைஃபிள் கிளப்புக்கு வரும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ராணுவ ரைஃபிள்களான 7.62 எஸ்.எல்.ஆர்., 5.56 இன்சாஸ், இவற்றோடு .22 ரைஃபிள், காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிள் ஆகிய நான்கைப் பற்றி நான் சொல்வது கையனுபவம். 6.5 கிரீட்மூரை நான் சுட்டதில்லை. அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் குண்டின் எடை, வேகம், வடிவம் ஆகியவற்றிலிருந்து போடும் கணக்கு. சட்டத்தைப் பொறுத்தவரை நான் வழக்கறிஞன் அல்லன் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவில் ஒருமுறை நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் .308. இது பற்றிய விடை உறுதியானது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், .303 அல்லது 7.62 மி.மீ. ராணுவச் சேவைத் தோட்டாவை ஏற்றுச் சுடக்கூடிய எந்த ரைஃபிளையும் சாதாரண உரிமத்துக்கு வெளியே வைத்திருக்கின்றன. 2016-இல் புதிய விதிகள் வந்தபோதும் அது மாறவில்லை. .308 வின்செஸ்டர் 1952-இல் விற்பனைக்கு வந்தது. அதே அளவுகளைக் கொண்ட 7.62×51 தோட்டாவை நேட்டோ 1954-இல் ஏற்றுக்கொண்டது. .308 ரைஃபிளின் அறைக்குள் ராணுவத் தோட்டா சென்று அமரும் என்பதால், வெளிநாட்டில் தொடக்கநிலைக்காரர்களின் முதல் பரிந்துரையாக இருக்கும் அந்தக் காலிபர் இங்கே தடைசெய்யப்பட்ட வகையில் விழுகிறது. சாதாரண உரிமத்தில் கிடைக்கும் பெரிய தோட்டா ரைஃபிள்கள் இரண்டு. இரண்டும் ஈஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்யப்படுபவை. ஒன்று .315, பழைய எட்டு மில்லிமீட்டர் மான்லிச்சர் தோட்டாவின் வழி வந்தது. இது பாதுகாப்புக்காக வாங்கப்படுவது, இலக்குச் சுடுதலுக்கு ஏற்றதன்று. மற்றொன்று .30-06, 1906-இல் அமெரிக்கப் படைக்காக வந்த இந்தத் தோட்டா தூரத்துக்குப் போதுமான வலிமை உடையது என்றாலும், இங்கே கிடைக்கும் ரைஃபிளும் தோட்டாவும் போட்டித் தரத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. 6.5 கிரீட்மூர் மேற்சொன்ன 7.62 விதிக்குள் வராது. ஆனால் சாதாரண மனிதர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி இறக்குமதி செய்ய இங்கே வழியில்லை. தேசிய ரைஃபிள் சங்கத்தின் போட்டிகளில் தகுதிப் புள்ளி எடுத்து அங்கீகாரம் பெற்ற வீரர்களுக்கே அந்தக் கதவு திறக்கும். ஆகவே உங்கள் பட்டியலில் இருந்த இரண்டு காலிபர்களும், இன்றைய நிலையில், உங்கள் கைக்கு எட்டாதவை.

கைக்கு எட்டுவது எது என்பதும் விதிகளிலேயே இருக்கிறது. 4.5 மி.மீ. அதாவது .177 விட்டத்துக்கு மேற்படாமலும், வாய்முனை ஆற்றல் (குழலை விட்டு வெளியேறும்போது குண்டுக்கு இருக்கும் ஆற்றல்) 20 ஜூலுக்கு மேற்படாமலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து வாங்கலாம். அந்த எல்லையைத் தாண்டிய ஏர் ரைஃபிளுக்கும், .22 உள்ளிட்ட எல்லா வெடிமருந்துத் துப்பாக்கிகளுக்கும் உரிமம் வேண்டும். உரிமத்துக்கு வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். காவல்துறை விசாரணை அறிக்கை சென்ற பிறகு முடிவெடுப்பவர் ஆட்சியர். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. விளையாட்டு வீரர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. இவ்வளவும் உறுதி. உரிமம் எத்தனை மாதத்தில் வரும், வருமா என்பது உறுதியில்லாத பகுதி. அதை உங்களுக்கு வாக்குறுதியாகச் சொல்லும் தரகர் யாரையும் நம்ப வேண்டாம். கிளப் உறுப்பினராக இருந்து, மாநிலப் போட்டியில் பங்கேற்ற சான்றிதழும் கையில் இருந்தால், விளையாட்டுக்காக என்று எழுதும் காரணத்துக்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. வெறும் ஆசையை மட்டும் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத்துக்கு அந்தப் பலம் இல்லை.

எங்கே சுடுவது என்பது அடுத்த கேள்வி. 1000 மீட்டர் தளம் என்பது பொதுமக்களுக்கு இந்நாட்டில் மிக அரிது. 2010-இல் தில்லி காமன்வெல்த் விளையாட்டின் தொலைதூரப் போட்டியைக்கூட மத்திய ரிசர்வ் காவல் படையின் கதர்ப்பூர் தளத்தில்தான் நடத்தினார்கள். 300 மீட்டர் தேசியப் போட்டிகளுக்கும் மவ் போன்ற ராணுவத் தளங்களையே நாட வேண்டியிருக்கிறது. நம் பக்கத்துப் பையன்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: எதிரே கடல்தானே, யாருமில்லாத மணல்திட்டிலிருந்து கடலைப் பார்த்துச் சுட்டால் யாருக்கு என்ன? சட்டப்படி குற்றம் என்பதை ஒரு பக்கம் வையுங்கள். ஒரு சிறிய .22 தோட்டாவே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய் ஆளைக் காயப்படுத்தக் கூடியது. பெரிய ரைஃபிள் தோட்டா நான்கு கிலோமீட்டரையும் தாண்டும். தண்ணீரில் தாழ்வாகப் படும் குண்டு மூழ்காமல் தெறித்து, எந்தத் திசையில் என்று சொல்ல முடியாதபடி மேலெழும். பாக் நீரிணையில் நாட்டுப்படகு இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. குண்டைத் தடுத்து நிறுத்தும் மண்மேடு இல்லாத இடத்தில் ரைஃபிள் சுடும் பேச்சே கூடாது. பறவைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் கொக்கையும் பூநாரையையும் குறிபார்க்கலாம் என்று பொருளாகாது, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும்.

இனி காலிபர் வாதத்தின் உள்ளே போவோம், ஏனெனில் இதைப் புரிந்துகொண்டால் நான் ஏன் சிறிய துப்பாக்கியைச் சொல்கிறேன் என்பது விளங்கும். குண்டு கீழே இறங்குவது தொலைதூரச் சுடுதலின் கடினமான பகுதி என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். 1000 கஜத்தில் .308 குண்டு சுமார் பத்து மீட்டரும், 6.5 கிரீட்மூர் குண்டு சுமார் எட்டு மீட்டரும் இறங்கும் என்பது கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த இறக்கம் நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. தூரத்தைத் துல்லியமாக அறிந்து, தொலைநோக்கியின் குமிழைத் திருகினால் தீர்ந்தது. தீராதது பக்கக் காற்று. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, அதே 1000 கஜத்தில் .308 குண்டை ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தள்ளும், 6.5 கிரீட்மூரை ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் தள்ளும். 2007-இல் அறிமுகமான அந்தத் தோட்டா இவ்வளவு புகழ் பெற்றதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். காற்று ஒரு குண்டை எவ்வளவு தள்ளும் என்பதைக் குண்டு பறக்கும் மொத்த நேரம் தீர்மானிப்பதில்லை. காற்றுத் தடையே இல்லாத வெளியில் அது எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கும், உண்மையில் எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசமே தீர்மானிக்கிறது. அதாவது வேகத்தை இழக்காத குண்டு காற்றுக்கும் வளையாது. நீண்டு மெலிந்த 6.5 குண்டு வேகத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது; .308 குண்டு 1000 கஜத்தை நெருங்கும்போது ஒலியின் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது.

இதே விதி .22-இல் வியப்பான ஒன்றைச் செய்கிறது. வேகமான .22 தோட்டா, நொடிக்கு 380 மீட்டர் அளவில் புறப்படுவது, மெதுவான போட்டித் தோட்டாவைவிடக் காற்றில் அதிகமாகத் தள்ளப்படும். ஒலியின் வேகத்தை ஒட்டிய பகுதியில் காற்றுத் தடை திடீரென்று உயர்வதால், வேகமாகப் புறப்பட்ட குண்டு அந்த வேகத்தை முதல் சில பத்து மீட்டரிலேயே கொட்டிவிடுகிறது. அதனால்தான் போட்டித் தோட்டாக்கள் எல்லாம் நொடிக்கு 325 மீட்டர் அளவில், ஒலிக்குக் கீழேயே வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தோட்டாவை முன்சொன்ன அதே காற்றில் சுட்டால் 50 மீட்டரில் இரண்டு முதல் மூன்று செ.மீ. விலகும், 100 மீட்டரில் ஏறத்தாழ 10 செ.மீ.; 200 மீட்டரில் 40 செ.மீ. அளவுக்கு. 100 மீட்டரில் 10 செ.மீ. என்பதைக் கோணமாகப் பார்த்தால், .308 குண்டு ஏறத்தாழ 450 மீட்டரில் காட்டும் விலகலுக்குச் சமம். இவை கணக்கு எண்கள்; உங்கள் தோட்டாவில் ஒரு பங்கு கூடக் குறைய இருக்கும். ஆனால் விகிதம் பொய்யாகாது. நூறு மீட்டர் தளமும் ஒரு .22-ம் இருந்தால், நானூறு ஐந்நூறு மீட்டரில் .308 கற்பிக்கும் காற்றுப் பாடத்தை முழுவதும் படிக்கலாம். தோட்டாவின் விலையும் மிகக் குறைவு, தோளில் உதையும் இல்லை.

உதை என்பதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் எஸ்.எல்.ஆரில் முதல் நாள் செய்யும் பிழை எல்லோருக்கும் ஒன்றே: விசை விடுபடுவதற்குச் சற்று முன் தோள் முன்னே போகும், கண் மூடும். அந்தப் பழக்கம் ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் இறக்குவதற்கு, அது ஏறிய காலத்தைப் போல் பல மடங்கு காலம் பிடிக்கும். பெரிய காலிபரில் தொடங்குபவர் தம் பிழைகளை உதையின் பின்னால் ஒளித்து வைத்துக்கொள்கிறார். குண்டு எங்கே போனது என்பதற்குக் காற்று, தோட்டா, குழல் என்று ஆயிரம் காரணம் சொல்ல இடமிருக்கிறது. ஏர் ரைஃபிளில் அந்த ஒளிவிடம் கிடையாது. அரை கிராம் எடையுள்ள பெல்லட், அதாவது ஏர் ரைஃபிளின் சிறிய ஈயக் குண்டு, நொடிக்கு 170 மீட்டர் அளவில்தான் போகிறது. விசை விடுபட்ட பிறகும் அது குழலுக்குள் இருக்கும் நேரம் அதிகம் என்பதால், அந்தக் கணத்தில் நீங்கள் தலையைத் தூக்கினால் இலக்கு அட்டை காட்டிக்கொடுத்துவிடும். 10 மீட்டர் இலக்கில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட்டின் விளிம்பு அதைத் தொட்டாலே பத்து என்ற சலுகையைச் சேர்த்துக் கணக்கிட்டாலும், கோணத்தில் அது 1000 மீட்டரில் அரை மீட்டர் அகலத்துக்குச் சமம். காற்றில்லாத கூடத்தில் அந்த அளவுக்குள் தொடர்ந்து வைக்க முடியாதவர், காற்றுள்ள வெளியில் 1000 மீட்டரில் வைக்கப் போவதில்லை. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2012-இல் லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வென்றதும் இந்தப் பத்து மீட்டரில்தான்.

எனவே என் பரிந்துரை: முதல் ரைஃபிள் .177 ஏர் ரைஃபிள், அதுவும் அழுத்தக் காற்றுச் சிலிண்டர் கொண்ட போட்டி வகை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சுருள்வில் துப்பாக்கி பொழுதுபோக்குக்கு ஆகும். ஆனால் அதன் உந்துதண்டு முன்னும் பின்னும் அதிர்வதால், பிடிக்கும் விதம் கொஞ்சம் மாறினாலும் குண்டு வேறிடம் போகும், பிழை உங்களுடையதா துப்பாக்கியினுடையதா என்று பிரித்தறிய முடியாது. வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் போட்டித் துப்பாக்கிகள் புதிதாக வாங்கினால் உங்கள் சேமிப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இந்தியாவில் செய்யப்படும் ஏர் ரைஃபிள்களும் இப்போது உண்டு, தொடக்கத்துக்குப் போதும். எது வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது பெயரையன்று, பொருத்தத்தை. துப்பாக்கியைத் தோளில் வைத்து, கண்ணை மூடி, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்தால் காட்சித் துளையின் மையம் தானாகக் கண்ணுக்கு நேரே வர வேண்டும். வரவில்லை என்றால் கன்னக்கட்டையை உயர்த்தியோ இறக்கியோ, தோள்தட்டை நகர்த்தியோ வரவழைக்க முடிய வேண்டும். சரிசெய்ய வழியில்லாத கட்டை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது. எந்தக் கண் மேலோங்கியது என்பதையும் முன்னதாகச் சோதித்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரர்களில் கணிசமானவர்களுக்கு இடக்கண் மேலோங்கி இருக்கும், அது தெரியாமல் வாங்கியவர்கள் பிறகு திண்டாடுகிறார்கள்.

தொலைநோக்கி வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சங்கத்தின் போட்டிகளில் அதற்கு இடமில்லை, சிறு துளை வழியே குறிபார்க்கும் துளைக்காட்சிதான். உரிமம் கிடைக்கும் வழி போட்டிச் சான்றிதழ்களின் ஊடாகச் செல்வதால், முதல் ஆண்டுகளில் தொலைநோக்கிக்குப் பணம் போடுவது வீண் என்று நினைக்கிறேன். இது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ள நல்ல பயிற்றுநர்களும் இருக்கிறார்கள்.

ஏர் ரைஃபிளில் நிலைத்த பிறகு .22. இதைச் சொந்தமாக வாங்குவதற்கு முன் கிளப்பின் துப்பாக்கியில் பழக முடியும், பழகவும் வேண்டும். 50 மீட்டர் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ.; மேலே சொன்ன காற்றில் அசையாமல் சரியாகச் சுட்ட பத்து, எட்டாகவோ ஏழாகவோ போய் விழும். இன்னொரு நுட்பமும் உண்டு: உட்புறச் சுழல் பள்ளங்களை வலஞ்சுழியாக வெட்டிய குழலில் வலப்பக்கக் காற்று குண்டை இடப்பக்கம் தள்ளுவதோடு சற்று மேலேயும் தூக்கும்; இடப்பக்கக் காற்று வலப்பக்கம் தள்ளிச் சற்றுக் கீழே இறக்கும். ஆகவே காற்றில் சுட்ட அட்டையில் துளைகள் கிடைக்கோட்டில் பரவாமல் சரிவாகப் பரவியிருந்தால், அது உங்கள் மூச்சின் பிழையாக இருக்க வேண்டியதில்லை. .22-இல் காலிபரைத் தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை. தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் வேலை உண்டு. ஈலி, லாப்புவா, ஆர்.டபிள்யூ.எஸ். என எந்தப் பெயராக இருந்தாலும், ஒரே பெயரில் வரும் இரண்டு தயாரிப்புத் தொகுதிகள் ஒரே குழலில் வேறுவேறாக நடந்துகொள்ளும். இதைச் சோதிப்பதற்கென்றே அந்த நிறுவனங்கள் சோதனைக்கூடங்கள் வைத்திருக்கின்றன. நமக்கு அந்த வசதி இல்லாவிட்டாலும், கிளப்புக்கு வரும் இரண்டு மூன்று தொகுதிகளை மணல்மூட்டையின் மீது வைத்துச் சுட்டுப் பார்த்து, துளைகள் நெருங்கி விழும் தொகுதியின் எண்ணைக் குறித்துவைத்து அதையே கேட்டு வாங்கலாம். 2024-இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற மூன்று நிலைப் போட்டி இந்த .22-இல்தான் நடக்கிறது, ஆகவே இதை இடைக்காலத் துப்பாக்கி என்று மட்டும் எண்ணாதீர்கள்.

இவ்விரண்டையும் தாண்டி, அங்கீகாரம் பெற்ற வீரராகி, 300 மீட்டருக்கோ அதற்கு அப்பாலோ செல்லும் நாள் வந்தால் என்ன காலிபர்? அல்லது, நம் ஊர்க்காரர்கள் பலரைப் போல வெளிநாட்டில் வேலைக்குப் போய், அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் ஒரு கிளப்பில் சேர்ந்தால்? அப்போது நீங்கள் கேட்ட கேள்வி மறுபடி உயிர்பெறும். போட்டி வகுப்புதான் முதலில் முடிவு செய்யும்: தொலைதூரப் போட்டிகளில் எஃப்.டி.ஆர். என்ற பிரிவு .308, .223 இரண்டை மட்டுமே ஏற்கிறது. திறந்த பிரிவில் 6.5-ம் அதற்கு ஒத்தவையும் வரலாம். வகுப்புக் கட்டுப்பாடு இல்லாவிட்டால், காகிதத்தில் 6.5 கிரீட்மூர் மேல், உதையும் குறைவு. அதற்கு விலை குழலின் ஆயுள். .308 குழல் ஐயாயிரம் தோட்டா தாங்கும் என்பார்கள், 6.5 குழல் அதில் பாதி என்பார்கள்; எவ்வளவு வேகமாகச் சுடுகிறீர்கள், எவ்வளவு துல்லியம் போனால் குழல் செத்தது என்று சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்த எண்கள் மிகவும் மாறும் என்பதால் அவற்றை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் விகிதமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 300 மீட்டர் வரைதான் என்றால் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுடுபவரின் பிழைக்குள் மறைந்துபோகும்: அங்கே பத்து வளையம் 10 செ.மீ., அதே காற்றில் .308 விலகுவது சுமார் 20 செ.மீ. காற்றைப் பார்க்கத் தெரிந்தவர் இரண்டிலும் பத்து வைப்பார்.

காற்றைப் பார்ப்பதில் உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு. வடகடலில் எந்த மாதம் வலை போடலாம், தென்கடலுக்கு எப்போது மாற வேண்டும் என்று காற்றை வைத்து வாழும் ஊரில் பிறந்தவர் நீங்கள். கச்சானும் வாடையும் கொண்டலும் திசை மாறும் நேரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தும் ஏற்பாடு இருந்தது. அவ்வளவு காற்று சுடுபவருக்குத் தேவையில்லை, அதில் நான்கில் ஒரு பங்கே போதும் ஆட்டத்தைக் கெடுக்க. ஆனால் பலமான காற்றைவிட மாறும் காற்றே கடினம். ஆடி மாதத்துக் கச்சான் பலமாக இருந்தாலும் மணிக்கணக்கில் ஒரே பக்கத்திலிருந்து வீசும். காட்சியை நான்கு சொடுக்கு திருப்பிவிட்டுச் சுட்டுக்கொண்டே இருக்கலாம். தரைக்காற்று ஓய்ந்து கடற்காற்று எழும் முற்பகல் வேளைதான் மோசம்; கொடி ஒரு நிமிடம் தொங்கும், மறு நிமிடம் நேர் எதிரே நிற்கும். திசையையும் கணக்கில் எடுங்கள்: சுடும் கோட்டுக்கு முப்பது பாகை சாய்ந்து வரும் காற்று பாதி அளவுக்குத் தள்ளும், நாற்பத்தைந்து பாகையில் வருவது பத்தில் ஏழு பங்கு அளவுக்குத் தள்ளும். வெயிலேறிய உப்பளத்தின் மேல் நெளியும் கானலைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு பக்கமாக ஓடினால் காற்று அந்தப் பக்கம் போகிறது, நேர்மேலே கொதித்தால் காற்று நின்றிருக்கிறது அல்லது உங்களை நோக்கி, உங்களிடமிருந்து விலகி வீசுகிறது. துப்பாக்கி கையில் இல்லாத நாளிலும் இதைப் பழகலாம், செலவில்லை.

கடற்காற்று கனமானது, ஈரமானது, அதனால் குண்டு சீக்கிரம் விழும் என்று இங்கே பலர் சொல்வதும் நான் கேட்டதுண்டு. அது தவறு. ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஈரக்காற்று உலர்காற்றைவிட மிகச் சிறிது இலேசானது. அந்த வித்தியாசம் இலக்கு அட்டையில் தெரியாது. மலையில் சுட்டுவிட்டுக் கடல் மட்டத்துக்கு வருபவருக்குத்தான் காற்றின் அடர்த்தி பெரிய வித்தியாசமாகத் தெரியும். கடலோரத்தில் உண்மையான எதிரி உப்பு. இரும்பின் நீலப்பூச்சு ஒரே இரவில் செம்புள்ளி பிடிக்கும். சுட்டு முடித்ததும் வியர்வை பட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் துடைத்து, தோலுறையிலோ நுரைப்பெட்டியிலோ மூடி வைக்காமல், ஈரமுறிஞ்சும் பொட்டலங்கள் போட்ட இரும்பு அலமாரியில் வையுங்கள். நுரையும் தோலும் ஈரத்தைப் பிடித்து இரும்போடு ஒட்டவைக்கும். ஏர் ரைஃபிள் சிலிண்டரைக் கைப்பம்பால் நிரப்பினால் நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரமும் உள்ளே போகும். ஈரம் வடிக்கும் வடிகட்டி இல்லாத பம்பை வாங்காதீர்கள். மருத்துவமனை ஆக்சிஜனை அதில் ஏற்றலாமா என்று ஒருவர் கேட்டார்: ஒருபோதும் கூடாது, எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து வெடிக்கும்.

மூன்று லட்சத்தை எப்படிப் பிரிப்பது? பாதிக்கு மேல் துப்பாக்கியில் போடாதீர்கள். முதுகைத் தாங்கும் மேலங்கி, காலணி, கையுறை, ஓராண்டுக்குப் போதுமான ஒரே தொகுதிப் பெல்லட், கிளப் கட்டணம், மதுரைக்கும் சென்னைக்கும் போட்டிக்குப் போய்வரும் செலவு ஆகியவற்றுக்கு மீதி வேண்டும். முதல் மூன்று மாதம் எதையும் வாங்காமல் கிளப்பின் துப்பாக்கியிலேயே பழகுங்கள். உங்கள் கை நீளமும் கழுத்து உயரமும் எந்தக் கட்டையைக் கேட்கின்றன என்பது அதற்குள் தெரிந்துவிடும். விட்டுச் செல்லும் வீரர்களின் பழைய போட்டித் துப்பாக்கிகள் கிளப்புகளில் அவ்வப்போது விலைக்கு வரும். குழல் ஆயுளைப் பொறுத்தவரை ஏர் ரைஃபிளில் அச்சப்பட ஒன்றுமில்லை, ஈயப் பெல்லட் குழலைத் தேய்ப்பதில்லை. பார்க்க வேண்டியது அழுத்தம் இறங்காமல் ஓரிரவு நிற்கிறதா என்பதையும், சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும்தான். ஜெர்மன் சிலிண்டர்களுக்கு வழக்கமாகப் பத்தாண்டுக் கெடு. அது முடியும் தறுவாயில் இருந்தால், புதிய சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.